முழங்காலை ஒட்டி எலும்பு முறிந்தால் முதல் இரண்டு நாள் எதைக் கவனிக்க வேண்டும்?

முழங்காலை ஒட்டி எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போட்டு, வலி ஊசியும் போட்ட பிறகு வலி இறங்க வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், "எலும்பு ஒடிஞ்சா வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கோ" என்று திரும்பிப் படுக்கச் சொல்லாதீர்கள். காலுக்குள் அழுத்தம் கூடி, சதைக்கு ரத்தம் போவது நின்றுகொண்டிருக்கலாம். இதற்குப் பெயர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். வார்டில் நாங்கள் சுருக்கி 'கம்பார்ட்மென்ட்' என்போம். இந்த நிலையில் ஆறு மணி நேரம் தாண்டினால் சதையும் நரம்பும் மீள முடியாத அளவுக்குக் கெட ஆரம்பிக்கும். எலும்பு பிறகு நன்றாக ஒட்டிக்கொள்ளும், அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. ஆனால் பாதம் தூக்காது, விரல் மடங்கிக்கொள்ளும், சிலருக்குக் காலையே எடுக்க வேண்டிவரும்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் மலைக்கு மேலே இருந்து வருகிறவர்கள். விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரள எல்லை தாண்டி வண்டன்மேடு, புளியன்மலை, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாயும் நேரம் இறங்குகிற பெண்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்கிற ஆண்கள். கொண்டை ஊசி வளைவில் பைக்கை விட்டுக் கவிழ்ந்த பையன்கள். ஜீப் கவிழ்ந்தாலும், ஏணியில் இருந்து காலூன்றி விழுந்தாலும், அடி வந்து சேர்கிற இடம் பெரும்பாலும் முழங்கால்தான். அதனால் தோட்டத்துக் கங்காணிகளுக்கும், ஜீப் ஓட்டுகிற தம்பிகளுக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எந்த முறிவில் பயப்பட வேண்டும்

எல்லா முறிவுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு இல்லை. முழங்கால் மூட்டைத் தாங்குகிற தட்டு மாதிரியான பகுதி, அதாவது கீழ்க்கால் எலும்பின் மேல் நுனி, உயரத்தில் இருந்து விழுந்து நொறுங்கியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டாக்டர்கள் இதை டிபியல் பிளாட்டோ முறிவு என்று எழுதுவார்கள். ஷாட்ஸ்கர் என்ற வகைப்பாட்டில் இது ஆறு வகை. சீட்டில் 5 அல்லது 6 என்று எழுதியிருந்தால் இருபக்கமும் உடைந்து பலமாக நொறுங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் காலை முதல் இரண்டு நாள் கண்ணை விட்டு எடுக்கக் கூடாது. 4 என்றிருந்தாலும் கவனம் வேண்டும். உள்பக்கம் உடைவதோடு மூட்டே நழுவி, பின்னால் ஓடுகிற ரத்தக்குழாயும் அடிபட்டிருக்கலாம்.

முழங்காலுக்குப் பின் குழியில் ஓடும் பெரிய தமனி மேலேயும் கீழேயும் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. அங்கிங்கு விலக அதற்கு இடமில்லை. மூட்டு விலகினாலோ, தொடை எலும்பின் கீழ் நுனி உடைந்து பின்னால் சாய்ந்தாலோ அது நசுங்கும், கிழியும். ரத்தம் போகாமல் சில மணி நேரம் கிடந்த காலுக்கு ரத்தக்குழாயைத் தைத்து ரத்தம் திரும்ப விடும்போது, சதை அப்போதுதான் வீங்க ஆரம்பிக்கும். எனவே ரத்தக்குழாய் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நிம்மதி அடைகிற நேரமும் காவல் காக்க வேண்டிய நேரம்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை யாரும் நினைப்பதில்லை. பதினாலு பதினைந்து வயதுப் பையன்கள். வாலிபாலிலோ கபடியிலோ எம்பிக் குதிக்கும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் எலும்பு முண்டு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். லாரி ஏறவில்லை, ஜீப் கவிழவில்லை, "குதிச்சான், கால் பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். அந்த இடத்தில் ஓடும் சின்னத் தமனி ஒன்று அறுந்து, ரத்தம் நேராகக் காலின் முன்பக்கச் சதையை மூடியிருக்கிற அறைக்குள் இறங்கும் (இந்த அறைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). பையனின் அம்மா மூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிற முறிவென்றால் அழுத்தம் வெளியேறிவிடும், கம்பார்ட்மென்ட் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. தப்பு. தோலில் விழுந்த கிழிசல் எல்லா அறையையும் திறந்துவிடாது.

உள்ளே என்ன நடக்கிறது

முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் வரை, சதை நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, கெண்டைக்காலில் மேலாக ஒன்று, ஆழத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை உறை. போடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வதென்றால், இலவம்பஞ்சைத் தலையணை உறைக்குள் அளவுக்கு மேல் திணித்தால் எப்படியோ அப்படி: உறை விரியாது, பஞ்சுதான் இறுகும். முறிந்த எலும்பில் இருந்து ரத்தம் கசிகிறது, நசுங்கிய சதை நீர் கோத்து வீங்குகிறது, உறை இடம் கொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சதைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான் முதலில் நசுங்கும். ரத்தம் போகாத சதை இன்னும் வீங்கும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும்.

சாதாரணமாக அந்த அறைக்குள் அழுத்தம் பத்து மில்லிமீட்டர் பாதரசத்துக்குள்தான் இருக்கும். முப்பதைத் தொட்டாலே நுண்குழாய்கள் அடைபடத் தொடங்கும். ஆனால் பெரிய தமனியில் ரத்தம் நூற்று இருபதில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும்போதும் பாதத்தின் மேல் நாடி நன்றாகத் துடிக்கும், பாதம் வெதுவெதுப்பாக இருக்கும், விரல் நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பும் திரும்பி வரும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. "நாடி இருக்கு, ஒண்ணும் இல்ல" என்பது இந்த விஷயத்தில் மிக மோசமான ஆறுதல். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. அதைக் கால் விரலில் மாட்டி "தொண்ணூத்தெட்டு காட்டுது சிஸ்டர்" என்று வந்து நிற்கிறார்கள். அந்தத் தொண்ணூற்றெட்டை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. நாடி காணாமல் போகிற அளவுக்கு வந்துவிட்டால், ஒன்று ரத்தக்குழாயே அறுந்திருக்கிறது, இல்லையென்றால் காலம் கடந்துவிட்டது.

வலியைக் கேளுங்கள், விரலை அசைத்துப் பாருங்கள்

கம்பார்ட்மென்ட் வலிக்கு ஒரு குணம் உண்டு. முறிந்த இடத்தில் குத்துகிற வலியாக இல்லாமல், கெண்டைக்கால் முழுக்க, அல்லது முன்னால் முழுக்க, ஆழத்தில் இருந்து விண்விண்ணென்று தெறிக்கும். காலை அசைக்காமல் வைத்தாலும் குறையாது. முதல் ஊசிக்கு இரண்டு மணி நேரம் தாங்கியவர் அடுத்த ஊசிக்கு அரை மணி நேரம்கூடத் தாங்கமாட்டார். "கட்டை அவுத்து விடுங்க, வெடிச்சிரும் போல இருக்கு" என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக்கார அம்மாக்கள் வலியை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருவர் திடீரென்று அனத்த ஆரம்பித்தால், வார்டில் வேறெந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு நான் அங்கேதான் போவேன்.

அடுத்தது விரல் சோதனை. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கூட இருப்பவரே செய்யலாம். கட்டுக்கு வெளியே தெரிகிற கால் விரல்களைப் பாருங்கள். ஒரு கையால் பாதத்தின் நடுப்பகுதியை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முறிந்த இடம் அசையக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பிடி. இன்னொரு கையின் இரண்டு விரலால் கட்டைவிரலை மட்டும் பிடித்து, மெதுவாகக் கீழ்ப்பக்கம், உள்ளங்கால் பக்கமாக மடக்குங்கள். காலின் முன்பக்கம் வலி சுரீரென்று ஏறினால் முன் அறையில் சிக்கல். பிறகு அதே விரலை மெதுவாக மேல்பக்கம், முகத்தை நோக்கித் தூக்குங்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் உயிர் போகிற வலி என்றால் பின்னால் ஆழத்தில் இருக்கிற அறை. நோயாளி தானாக அசைப்பது வேறு, நீங்கள் அசைப்பது வேறு. அவர் விரலைத் தளர விட்டிருக்க, நீங்கள் லேசாக அசைத்தாலே கத்துகிறார் என்றால் அதுதான் அடையாளம். சும்மா முறிவு மட்டும் உள்ளவருக்கு விரலை அசைத்தால் கொஞ்சம் வலிக்கும், முகம் சுளிப்பார். இது அப்படி இருக்காது, கையைத் தட்டிவிடுவார்.

அப்புறம் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கை ஒரு பஞ்சாலோ துணி நுனியாலோ தொட்டுப் பாருங்கள். நல்ல காலிலும் அதே இடத்தைத் தொட்டு, "ரெண்டும் ஒண்ணு போல இருக்கா?" என்று கேளுங்கள். முன் அறைக்குள் ஓடுகிற நரம்பு உணர்ச்சி கொடுப்பது அந்தச் சின்ன இடுக்குக்குத்தான். அங்கே மதமதவென்று இருக்கிறது, எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது என்றால் நரம்பு கஷ்டப்பட ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கால் மரத்தால் ஆழ அறை.

சதையைத் தொட்டும் பார்க்கலாம். நல்ல காலின் கெண்டையை முதலில் அழுத்துங்கள், பிறகு அடிபட்டதை. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, அழுத்தினால் குழியாமல் விறைத்து நிற்கும். ஆனால் கையால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பி "சதை மெத்துன்னுதான் இருக்கு" என்று முடிவு கட்டக் கூடாது. ஆழத்தில் இருக்கும் அறை கைக்கு எட்டவே எட்டாது. விரலை அசைக்கவே முடியவில்லை, பாதம் தூக்கவில்லை என்கிற நிலை கடைசியில் வருவது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முதல் நாள் மணிக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள், இரவிலும்தான். ஒரு தாளில் நேரம், வலி பத்துக்கு எத்தனை, விரல் சோதனையில் என்ன, இடுக்கில் உணர்ச்சி எப்படி, எந்த ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வையுங்கள். மாவுக்கட்டின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் அடிபட்ட நேரத்தை எழுதிவைப்பது எனக்குப் பிடித்த வழக்கம். தாள் தொலையும், கட்டு தொலையாது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் இது வந்துவிடும். பிளேட் வைத்த பிறகும், ராடு போட்ட பிறகும் வரலாம், எனவே ஆபரேஷனுக்குப் பிறகு மணிக்கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள்

சின்னக் குழந்தைக்கு 'இந்த இடத்தில் இப்படி வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் பயப்படுகிறது, ஆர்ப்பாட்டம் பண்ணுகிறது, வலி மருந்து மேலும் மேலும் தேவைப்படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் குழந்தை அடம் பிடிக்கவில்லை, சொல்ல வருகிறது. தலையில் அடிபட்டு நினைவில்லாதவர், குடித்திருப்பவர், வலி தெரியாமல் இருக்க மரப்பு ஊசி போட்டவர் இவர்களுக்கும் வலியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகில் குழாய் வைத்து மரக்கவைத்திருந்தால், எத்தனை மணிக்கு மரப்பு விடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதைப் பதிவுச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் வந்த நிமிடமே

முதலில் கட்டு. கிரேப் பாண்டேஜ், மாவுக்கட்டு, அதற்குள் இருக்கிற பஞ்சு, எல்லாமே தோல் தெரிகிற வரை திறக்கப்பட வேண்டும். மாவுக்கட்டை ஒரு பக்கம் வெட்டினாலே உள் அழுத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும், இரண்டு பக்கமும் வெட்டினால் பாதிக்கு மேல் குறையும். ஆனால் மாவை மட்டும் வெட்டிவிட்டு, உள்ளே ரத்தம் உறைந்து காய்ந்த பஞ்சை அப்படியே விட்டால் அதுவே இறுக்கும். வெட்டும்போது காலை ஒருவர் கணுக்காலிலும் முழங்காலுக்கு மேலேயும் தாங்கிப் பிடிக்க வேண்டும். "கட்டை அவுத்தா எலும்பு விலகிருமே" என்று சிலர் தயங்குவார்கள். விலகட்டும், அதைத் திரும்ப நேராக்கலாம்.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாலும் இதேதான். பத்தைக் கட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் அதற்கு மரியாதை உண்டு, மணிக்கட்டு முறிந்தவர் பலர் அதில் குணமாகியும் இருக்கிறார்கள். முழங்கால் பக்க முறிவுக்கு, அதுவும் முதல் இரண்டு நாளில், சுற்றி வளைத்து எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். யார் கட்டினாலும் சரி. எண்ணெய் விட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

காலை நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். வீக்கம் என்றால் மூன்று தலையணை அடுக்கி மேலே தூக்குவது நம் ஆட்களின் பழக்கம். இதில் அது கெடுதல். உயரத் தூக்கினால் ஏற்கெனவே திணறுகிற சதைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். கீழே தொங்கவும் விடக் கூடாது. படுக்கையில் நேராக, மடித்த போர்வை ஒன்றின் மேல், அவ்வளவுதான். ஐஸ் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சாப்பாடு, டீ, பன் எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் வரலாம், வயிறு காலியாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் டிரிப் ஏற்றி அதை நிமிர்த்துவது ஆஸ்பத்திரி வேலை. அதை ஏன் அவசரப்படுத்துகிறோம் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

மலையில் இருந்து எங்கே கொண்டு போவது

எங்கள் பக்கத்துத் தனிச் சிக்கல் இதுதான். அடி கேரளத்தில், ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டில், சொந்தக்காரர்கள் கம்பத்தில். அதனால் முதல் கட்டு மேலே போட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்குவார்கள். அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ஜீப்பில் காலை மடக்கி உட்காரவைத்து, எட்டுப் பேரோடு ஏற்றி, செக்போஸ்டில் நின்று, கீழே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, அங்கிருந்து தேனி, தேனியில் இருந்து மதுரை என்று போனால் ஆறு மணி நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடும். ஜீப் கவிழ்ந்து மேலே ஓரிடத்தில் முழுச் சுற்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பப்பட்ட ஓர் அம்மா, கீழே வந்து சேரும்போது கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நீலம் பாரித்து உருண்டிருந்தன. மருமகள் சொன்னாள்: "வர்ற வழியெல்லாம் அவுத்து விடு அவுத்து விடுன்னாங்கக்கா, டாக்டர் கட்டுனதை நாம எப்படி அவுக்கிறதுன்னு விட்டுட்டோம்." அவள் மேல் குற்றம் இல்லை. அவளிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான். கட்டை வெட்டி, நேராகத் தியேட்டருக்குப் போனார்கள். கால் தப்பியது, பாதம் தூக்குவதில் இன்றும் கொஞ்சம் குறை இருக்கிறது.

எனவே கிளம்பும் முன் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். எலும்பு டாக்டர் இப்போது இருக்கிறாரா? இந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டர் நடக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்கிற இடம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கே போங்கள். இடுக்கி மாவட்டத்தில் மேற்குப் பக்கம் அடிபட்டவருக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் அருகில் இருக்கலாம், குமுளியிலோ கம்பம்மெட்டிலோ அடிபட்டவருக்குத் தேனி மெடிக்கல் காலேஜ் இருக்கிற க.விலக்கு. மூட்டே விலகி, நாடி இல்லை என்று மேலே சொல்லியிருந்தால், ரத்தக்குழாய் டாக்டரும் இருக்கிற பெரிய இடம் வேண்டும். 108 இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது, அதில் படுக்கவைத்தே போகலாம். சபரிமலை சீசனில் மலை ரோட்டை ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள், நெரிசலும் சொல்லி மாளாது. கார்த்திகை, மார்கழியில் அதையும் கணக்கில் வையுங்கள்.

காசை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். கம்பார்ட்மென்ட் அறுவையும் வழக்கமாக அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

நினைவோடு இருக்கிற நோயாளிக்கு மேலே சொன்ன அடையாளங்கள் தெளிவாக இருந்தால், டாக்டர் வேறு எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் ஆபரேஷன் என்பார். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. சந்தேகம் இருந்தாலோ, நோயாளி நினைவில்லாமல் இருந்தாலோ ஊசி ஒன்றை அறைக்குள் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள். முறிவுக்கு அருகில், ஐந்து சென்டிமீட்டருக்குள் அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். அதற்கென்று தனிக் கருவி இல்லாத இடத்தில், ஐசியுவில் தமனி அழுத்தம் பார்க்கிற டிரான்ஸ்டியூசரை வைத்தும் அளக்கலாம்.

அறையின் அழுத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணில் இருந்து அறையின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் முப்பதோ அதற்குக் கீழோ என்றால் ஆபத்து. 120/80 உள்ளவருக்கு அறையில் 35 இருந்தால் மிச்சம் 45, உடனே கத்தி எடுக்காமல் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கலாம். நிறைய ரத்தம் போய் 90/50-ல் படுத்திருக்கிறவருக்கு அறையில் 25 தான் என்றாலும் மிச்சம் 25, அவர்தான் ஆபத்தில் இருக்கிறார். டிரிப்பை அவசரப்படுத்துவதன் காரணம் இந்தக் கணக்குத்தான். 1996-ல் மக்குவீன், கோர்ட்-பிரவுன் என்ற இரண்டு எலும்பு டாக்டர்கள் எழுதியதில் இருந்து இந்தக் கழித்தல் கணக்கு நிலைத்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பெயர் ஃபேசியாட்டமி. காலின் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என இரண்டு நீள வெட்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளமோ கொஞ்சம் குறையவோ. வெளி வெட்டு வழியாக முன் அறையும் பக்க அறையும், உள் வெட்டு வழியாகப் பின்னால் இருக்கிற இரண்டும். நான்கையும் திறக்க வேண்டும்; ஒன்றை விட்டாலும் அது உள்ளேயே சாகும். சதையின் நிறம், இறுக்கம், கருவியால் தொட்டால் துடிக்கிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா என்ற நான்கையும் பார்த்து, செத்ததை எடுத்துவிடுவார்கள். கூடவே மூட்டுக்கு மேலேயும் கீழேயும் கம்பி செலுத்தி, வெளியே சட்டம் போட்டு முறிவை நிறுத்துவார்கள். பிளேட் வைப்பது வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரிந்த பிறகு.

கையெழுத்துக் கேட்கும்போதுதான் வீட்டுக்காரர்கள் மிரள்வார்கள். "எலும்பை ஒட்டவைக்கச் சொன்னா காலைக் கிழிக்கிறேங்கிறாங்களே" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவரை உட்காரவைத்து, தலையணை உறைக் கதையைச் சொல்லி, "ஐயா, உறையைப் பிரிச்சாத்தான் உள்ளே ரத்தம் போகும், தையலை அப்புறம் போட்டுக்கலாம்" என்றேன். யோசித்துவிட்டு, பேனாவைக் கேட்டார். காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சதை சிவப்பாக வெளியே பிதுங்கி நிற்கும், முதல் முறை டிரஸ்ஸிங் பிரிக்கும்போது மயக்கம் வருகிறவர் வெளியே போய்விடலாம். இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு போய், செத்த சதை இன்னும் இருந்தால் எடுத்து, வீக்கம் வடிய வடியக் காயத்தை இழுத்துத் தைப்பார்கள். மூட முடியாத இடத்தில் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள்.

ரொம்பத் தாமதமாக, ஒரு நாள் இரண்டு நாள் கடந்து, சதை முழுக்கச் செத்த பிறகு வருகிறவருக்குத் திறப்பதால் லாபம் இல்லை, சீழ்தான் பிடிக்கும். அப்போது திறக்கலாமா வேண்டாமா என்பது டாக்டரே நின்று யோசிக்கிற இடம். "ஏன் திறக்கலை" என்று அவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

சிறுநீரைப் பாருங்கள். கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால், செத்த சதையில் இருந்து வந்த பொருள் சிறுநீரகத்தை அடைக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும். சிறுநீர்ப் பையைக் காலி செய்கிற ஆயாவும் மகனும் மருமகளும்தான் இதை முதலில் பார்க்கிறவர்கள். பையைக் கொட்டும் முன் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பிறகு

பாதம் முன்னால் சாய்ந்து விறைத்துப்போகாமல் இருக்க, முதல் நாளில் இருந்தே பாதத்தை நேர்க்கோணத்தில் நிறுத்தி ஸ்பிளின்ட் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரிய வார்டில் இது மறந்துபோகிற விஷயம், கேட்பதில் தப்பில்லை. டாக்டர் அனுமதித்ததும் விரலையும் கணுக்காலையும் அசைக்கிற பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் தொடங்குவார். வலிக்கும், ஆனாலும் விட்டுவிடக் கூடாது. ரத்தம் போகாத சதை சுருங்கி விரல் மடங்கிக்கொள்வதை 1881-லேயே ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் எழுதிவைத்திருக்கிறார். அப்படி மடங்கிய பிறகு நிமிர்த்துவதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். பாதம் தூக்கவில்லை என்றால் செருப்புக்குள் வைக்கிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கிடைக்கும். நரம்பு அடியோடு சாகாமல் அடிபட்டு மட்டும் இருந்தால் பல மாதம் கழித்தும் மீளலாம், எனவே தோட்டத்து மேட்டில் ஏற முடியவில்லை என்று ஒரு மாதத்திலேயே மனம் விட வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அடிபட்ட நேரம், கட்டு வெட்டிய நேரம், ஆபரேஷன் தொடங்கிய நேரம், எத்தனை அறை திறந்தார்கள், வீட்டுக்குப் போகும்போது பாதம் தூக்குகிறதா, எங்கே மரப்பு இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலைக்கு மேலே ஒரு டாக்டர், கீழே ஒரு டாக்டர் என்று காட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு தாள் போதும். விபத்து நஷ்டஈட்டு வழக்கு போடுகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். ஜெராக்ஸ் இரண்டு எடுத்து, ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மலையில் மழைக்காலத்தில் தாள் நமுத்துவிடும்.